சின்னம்மா பூட்டிய வேலி

பிற்பகல் நாலரை மணிக்கு என்னை ஒரு வேலியோடு சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். எனக்கு எட்டு வயது. ஊர், ஹங்கேரியில் உள்ள பேச் என்ற பழைய நகரம். பரீஸ் திரும்பும் பேருந்து ஐந்தரைக்கு.

நாங்கள் வாழ்ந்த பரீஸில், லா சப்பல் பகுதி உணவகமொன்றில் அப்பாவுடன் சமைத்த ஹங்கேரிக்காரர், விடுமுறைக்குத் தன் ஊரைக் காட்ட எங்களை அழைத்துப் போயிருந்தார். அப்பா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. அவர் கணவர், என் சித்தப்பா, அப்போது இலங்கையில், போர் நடந்த வன்னியில். அவரைப் பரீஸுக்குக் கூப்பிடச் சின்னம்மா போட்ட விண்ணப்பம் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

சதுக்கத்தில் துருக்கியர் கட்டிய பள்ளிவாசல் தேவாலயமாகியிருந்தது. உச்சியில் பிறையும் சிலுவையும் ஒன்றாக நின்றன. சின்னம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே இடத்திலை இருக்கினம். ஒருத்தராவது விசா தருவினம்தானே?”

பச்சையும் பொன்னுமாக மினுங்கிய நீரூற்றில் மாட்டுத் தலைகள் தண்ணீர் கொப்பளித்தன. ஒவ்வொரு தலையிலும் கை கழுவிச் சட்டையை நனைத்துக்கொண்டேன்.

நாலு கோபுரப் பேராலயத்துக்குப் போகும் வழியில்தான் அந்த வேலி. கம்பி தெரியாமல் பூட்டுகள். காதலர்கள் பிரியாமலிருக்கப் பூட்டிவிட்டுச் சாவியை எறிந்துவிடுவார்களாம். ஹங்கேரிக்காரர் சொன்னதை அப்பா தமிழில் சொன்னார்.

“அப்ப இதுவும் நேர்த்திதானே, அத்தான்!”

சின்னம்மா பயணப்பையின் பூட்டைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு வேலியைத் தடவிப் பூட்டினார். சாவியை வடிகாலுக்குள் போட்டார். களைத்துப்போய் வேலியில் சாய்ந்திருந்த என் சட்டையின் இடுப்பில், பட்டி கோக்கும் துணி வளையமும் பூட்டுக்குள் அகப்பட்டிருந்தது.

இழுத்துப் பார்த்தோம். சின்னம்மாவே தைத்த சட்டை, அசையவில்லை. ஹங்கேரிக்காரர் எங்கோ ஓடிப் பெரிய குறடு ஒன்றோடு வந்தார். அப்பா பூட்டைக் காட்டினார்.

“ஐயோ அத்தான், அதிலை மட்டும் கை வையாதேங்கோ!”

“உமக்கென்ன விசரோ? பஸ் போகப்போகுது. பிள்ளையை இஞ்சையே விட்டிட்டுப் போறதோ?”

சின்னம்மா தெருவில் முழங்காலிட்டு, தன் தையலைத் தானே பல்லால் கடிக்கத் தொடங்கினார். பார்த்து நின்ற ஒரு காதல் சோடி கைதட்டியது. கடைசி நூல் அறுந்ததும் ஓடினோம். பேருந்தில் சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். என் புதுச் சட்டையைவிட ஒரு பழைய பூட்டு அப்படி என்ன பெரிது என்று நான் வழியெல்லாம் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

வேலியில் மாட்டிக்கொண்ட அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது என் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பினால், உடுப்பில் தொங்குவதையெல்லாம் கத்தரித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அவள் பிரெஞ்சில் திட்டுகிறாள்.

அந்தப் பயணத்துக்கு அடுத்த கோடையில், இறுக்கமாகிவிட்ட அதே சட்டையோடு விமான நிலையத்தில் நின்றேன். கதவு திறந்து, மெலிந்த ஒருவர் சிறிய பையோடு வந்தார். சின்னம்மா நின்ற இடத்திலேயே நின்றார். சின்னம்மாவின் கடிதத்தில் எல்லாம் படித்திருந்த சித்தப்பா என் முன் குந்தி, இடுப்பில் வளையம் இல்லாத இடத்தை விரலால் தொட்டார்.

“இதின்ரை வளையம் இன்னும் அங்கை எனக்காக நிக்குதோ, பிள்ளை?”