கச்சால் இடுகாட்டுச் சிரட்டைகள்

போன வாரம் போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவரின் சாக்குமூட்டையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. ஒட்டுப்பால்! ரப்பர் மரத்தில் வழிந்து காய்ந்த பாலைச் சுரண்டி மூட்டை கட்டினால், புளித்த தயிரும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி வாடையடிக்கும். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் ஆசையாக இழுத்து முகர்ந்தேன். அடுத்த நொடி முதுகு சில்லிட்டுவிட்டது. "ஆண்ட்டி, ஆகே படோ", முன்னால் போ என்று பின்னாலிருந்த பெண் இந்தியில் அதட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது. ஐம்பது தாண்டிய அரசாங்க உத்தியோகக்காரி ஒரு மூட்டைக்குப் பயப்படலாமா, நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவின் புடவையில் அந்த வாடைதான் இருக்கும். எங்கள் இடுகாட்டிலும் அதேதான்.

நாங்கள் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்காரர்கள். இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்து இறங்கிய குடும்பங்கள். வந்தவர்களுக்கு வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது. சாகிறவர்களுக்கு ஓர் இடம் வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. முதலில் போனவர் பால் வெட்டப் போன இடத்தில் கிளை முறிந்து விழுந்து செத்தார். காட்டுக்குள் தோண்டினால் ஒரே வேர். கடைசியில் கடற்கரைத் தாழம்புதருக்குப் பின்னால் மணலில் புதைத்தார்களாம். அடையாளத்துக்கு நட அங்கே கல் ஏது? அவர் பால் பிடித்த தேங்காய்ச் சிரட்டையையே தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. பச்சைக்குழந்தை செத்தால் தாயின் சிரட்டை ஒன்றை வைப்பார்கள்.

சிரட்டையைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். தோட்டத்தில் பால் எடுத்து முடித்ததும் மழைத்தண்ணீர் சேராமலிருக்கச் சிரட்டையைக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்ந்திருந்தால் அந்த மரத்தில் வேலை முடிந்தது. நிமிர்ந்திருந்தால் எடுக்க ஆள் வரும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை இதை இடுகாட்டுக்கும் நீட்டி எங்களை மிரட்டுவாள்.

"அங்க ஒண்ணு நிமிந்து கெடந்துச்சுன்னு வையி, செத்தவங்க வேலைக்கு எந்திரிச்சு வந்துருவாங்க. போறப்ப தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுத்தான் போவாங்க."

நண்டுகள் சிரட்டையை உருட்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது முறை வைத்துப் போய்ச் சரிபார்த்து வருவார்கள். மீசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்க்காமல்தான் வருவார்கள்.

எனக்குப் பத்து வயதில் அம்மா மலேரியாவில் போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். பொழுது சாய்ந்தால் எங்கேயோ போய்விட்டு நனைந்து வருவார். வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தையின் மிரட்டல் அப்போதுதான் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. எழுந்து வருவார்கள் என்றால் நல்லதுதானே? ஒரு சாயங்காலம் தாழம்புதர் தாண்டிப் போனேன். அம்மாவின் சிரட்டையில் அப்பா தாரால் ஒரு கோடு போட்டிருந்தார். அதை நிமிர்த்தி மணலில் அழுத்தி வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அன்றைக்குப் படுத்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. வருவது அம்மாவாகவே வருமா? கூரையில் மழை சொட்டினால் காலடிச் சத்தம், காற்றில் பால் வாடை வந்தால் புடவை. வா என்று கூப்பிட்டவள் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, அம்மாவுக்குப் போட்ட மாதிரியே. ஐயோ, துணைக்கு ஆள் கூப்பிடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தி மங்கும் நேரத்தில் திரும்ப ஓடினேன். சருகுக்குள் என்னவோ நகர்ந்தது. நண்டுதான் என்று சொல்லிக்கொண்டே போனேன். சிரட்டை நிமிர்ந்தே இருந்தது. அதற்குள்ளே மழைத்தண்ணீரில் ஒரு வெற்றிலை மடிப்பு. காம்பு கிள்ளி, முக்கோணமாக, அம்மா மடிக்கிற மாதிரியே மடித்த வெற்றிலை. வந்துவிட்டாள்! கண்ணை மூடிக்கொண்டு சிரட்டையைக் கவிழ்த்தேன். "போயிரும்மா, போயிரு" என்று அழுதுகொண்டே ஓடினேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பிறகு வளர்ந்து, வேலை கிடைத்து, அப்பாவை அழைத்துக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன். சுனாமி வந்தபோது கச்சாலின் கரையே கீழே இறங்கிவிட்டது. இடுகாடு இருந்த இடத்தில் இன்று கடல்தான். பட்டுப்போன தென்னைகள் கொஞ்ச நாள் தண்ணீரில் நின்றனவாம், அவையும் விழுந்துவிட்டன. அங்கிருந்து யார் வந்தாலும் அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தாழம்புதராவது தெரியுதா?"

இரண்டு வருஷத்துக்கு முன்பு, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்பா படுக்கையில் விழுந்திருந்தபோது மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். சிரட்டையை நிமிர்த்தியதை, வெற்றிலையை, கவிழ்த்ததை, எல்லாவற்றையும்.

அப்பா என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"வெத்தல நான் வச்சது புள்ள. தெனம் பொழுது சாய அங்கதான் போய் ஒக்காருவேன். ஒரு நா பாத்தா நிமிந்து கெடந்துச்சு. கவுக்க மனசு வரல. வந்தா வரட்டும்னு மழையில ஒக்காந்திருந்தேன்."

"அப்பா..."

"காய்ச்ச விட்டுப் போய்ப் பாத்தேன். கவுந்து கெடந்துச்சு. அவளே கவுத்துட்டுப் போயிட்டா, நம்ம வேணாம்னுட்டான்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீயா கவுத்த?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பா போய் ஒரு வருஷமாகிறது. இங்கே எரித்துவிட்டோம். சிரட்டை வைக்க எங்களுக்கு ஒரு பிடி மணல்கூட மிச்சமில்லை. அவர் டீ குடித்த டம்ளர் அடுப்பங்கரை மேடையில் நிமிர்ந்தே இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போக எனக்கு இன்னும் உதறல்தான். ஆனாலும் அதை நான் கவிழ்க்கவில்லை.