இரு திரைகள்

மட்டாஞ்சேரியில் வீடியோ கேம் விற்கும் கடையில் அந்த ஆட்டோ ஓட்டுநரைச் சந்தித்தேன். காக்கிச் சட்டை நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இளவயதில் அவர் விரும்பி ஆடிய சாகச விளையாட்டு மெருகேற்றப்பட்டு மறுபடி வந்திருந்தது. கடைக்காரர் பழையதையும் புதியதையும் அருகருகே ஓடவிட்டார்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு? இதுக்கா முழு விலை?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“சேட்டன் விலை குறைக்கப் பாக்குறார்!” என்று கடைக்காரர் சிரித்தார்.

புதியதில் கடலின் ஒவ்வோர் அலையும் தனித்துத் தெரிந்தது. பழையதில் வெறும் நீலப் பூச்சு. அவர் என் பக்கம் குனிந்தார்.

“மோளே, உனக்கு வித்தியாசம் தெரியுதா?”

அந்தக் குரலிலிருந்த அச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை. “இல்ல சேட்டா” என்றேன்.

“அப்பாடா! அப்போ என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல!” என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார், எதையும் வாங்காமல் வெளியேறினார்.

உண்மையைச் சொல்லிவிட நான் வாசலுக்கு வருவதற்குள், கைகாட்டிய ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு நெரிசலுக்குள் ஆட்டோவைச் செலுத்தியிருந்தார்.