டாலா துறையில் ஓர் இலைப்படம்

காலை எட்டரை மணிக்கு யாங்கோனின் பன்சோடான் துறையில் டாலா செல்லும் படகில் ஏறினோம், நானும் ஹமீத் பாயும். ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம்தான். அக்கரையில் நடந்ததை நினைத்தால், ஈரோடு திரும்பி மாதங்கள் ஆன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஹமீத் பாய் யாங்கோனின் லத்தா பகுதியில் கயிறு, தார்ப்பாய், படகுச் சாமான் விற்பவர். அறுபதை நெருங்குகிறவர். பாட்டனார் காலத்தில் கீழக்கரையிலிருந்து வந்த குடும்பம். பெரியவர்களுக்கு அங்கே இடும் மரியாதை அடைமொழி சேர்த்து, தெருவில் அவர் ஊ ஹமீத். மனைவி மக்களோடு பேசுவது பர்மிய மொழி. கடைக்கு வரும் பழைய ஆட்களோடு மட்டும் தமிழ். நான் ஈரோட்டில் சிறியதாகத் தறி வைத்திருக்கிறேன். உத்தரகண்டில் அரசு உரிமத்தோடு விளையும் ஹெம்ப் செடியின் நூலை வாங்கித் துணியும் கயிறும் செய்கிறேன். நூல் வியாபாரி ஒருவர் வழியாகப் பாயின் பழக்கம் கிடைத்தது. "மாதிரி கொண்டாங்க தம்பி, டாலா படகுக்காரங்ககிட்டக் காட்டிப் பாக்கலாம்" என்று அவர்தான் அழைத்தார்.

ஹெம்ப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. கஞ்சாவும் இதுவும் ஒரே இனச் செடி. ஆனால் நாருக்காக வளர்க்கும் இந்த வகையை மூட்டை மூட்டையாகப் புகைத்தாலும் தலைவலிதான் மிஞ்சும். பாய்மரக் கப்பல்களின் பாயும் வடமும் பல நூற்றாண்டுகள் இந்த நாரில்தான் ஆயின. எல்லோரா குகைகளின் சுவர்ப்பூச்சில் இது கலந்திருக்கிறது. இன்று இதன் தண்டுச் சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர்க்கல் வார்க்கிறார்கள். காரின் கதவுக்கு உள்பலகை செய்கிறார்கள். காகிதமும் உண்டு, விதையில் எண்ணெயும் உண்டு. இந்த ஆற்றுக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல்களையும் இந்த வடம்தான் கட்டி நிறுத்தியிருக்கும். படகில் இதையெல்லாம் பாயிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

டாலா இறங்குதுறையில் ராணுவச் சோதனை. எனக்குத் தோள்வலி என்று என் பையைப் பாய் வாங்கி மாட்டியிருந்தார். டெல்லிக் கண்காட்சி ஒன்றில் ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்த ஹெம்ப் துணிப் பை அது. மூடியின் உட்புறத்தில், ஏழு விரல் விரித்தாற்போல் அந்தச் செடியின் பச்சை இலை ஒன்று அச்சிட்டிருந்தது. சிப்பாய் மூடியைத் தூக்கினான். இலையைப் பார்த்தான். பாயின் சட்டையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்தான்.

பின்னாலேயே ஓடினேன். பை என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உள்ளே வெற்றிலை மென்றுகொண்டிருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னான். மரியாதை விகுதி போட எனக்கு மனம் வரவில்லை. பாயை நிற்கவைத்தான். அடையாள அட்டையைப் பிடுங்கி, பெயரைப் படித்ததும் 'கலா' என்றான். இந்திய வம்சத்தவரை அங்கே இழிவாகச் சொல்லும் சொல் அது. அறுபதை நெருங்கும் மனிதர் தலை குனிந்து நின்றார்.

அங்கே வேறு யாருக்கும் தமிழோ ஆங்கிலமோ சரியாக வராது. அதனால் நான் சொல்வதைப் பாயே மொழிபெயர்க்க வேண்டும் என்றானது. குற்றம் சாட்டப்பட்டவரே தன் சாட்சிக்கு வாயாக வேண்டியிருந்தது. நான் பொங்கிப் பேசினேன். செடியின் வகை, உரிமம், கப்பல் வடம், சுவர்க்கல், ஒன்றையும் விடவில்லை. பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே வாக்கியம் சொன்னார். அதிகாரி இலையை உற்றுப் பார்த்தான். சிரித்தான். பிறகு கத்தியை எடுத்து, இலை இருந்த துண்டை அறுத்து மேசையில் வைத்துக்கொண்டு, கிழிந்த பையைப் பாயின் காலடியில் எறிந்தான். அவர் குனிந்து பொறுக்கினார். நான் எழுவதற்குள் "வாங்க தம்பி, பேசாம வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே சைக்கா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷா ஒன்றை மூவாயிரம் க்யாட்டுக்குப் பேசி ஏறினோம். வெகுதூரம் போன பிறகுதான் கேட்டேன்.

"நான் சொன்னத எப்படி பாய் ரெண்டு வாக்கியத்துல சொன்னீங்க?"

"நீங்க சொன்னத எங்க சொன்னேன்? மரவள்ளி இலைன்னேன். ஊருல கெழங்கு மாவு மில்லு வச்சிருக்காரு, அந்த விளம்பரப் பைன்னேன்."

எங்கள் பக்கம் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். இலை கிட்டத்தட்ட அதே சாயல்தான்.

"நான் உண்மையத்தானே சொன்னேன்?"

"உங்க உண்மையில கஞ்சாங்கற பேச்சு இருக்குதே தம்பி. அத நான் சொல்லிட்டா, மிச்சத்தக் கேக்க அவன் காது திறக்காது. இந்த ஊருச் சட்டத்துக்கு ரெண்டும் ஒரே செடி."

படகுத் துறையில் கோ துன் என்ற படகுக்காரர் என் கயிற்றை நனைத்து முறுக்கினார், முடிச்சிட்டு இழுத்தார். தார் பூசாவிட்டால் மழைக்காலத்தில் அழுகும், ஆனால் நைலான்போல உள்ளங்கையை அறுக்காது என்றார். பத்துப் படகுக்கு வேண்டும் என்றுகூடக் கேட்டார். என்ன செடி என்றபோது பாய் "இந்தியச் சணல்" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் சரக்குக்கு அதன் பெயர்கூட இல்லை.

மாலையில் லத்தா டீக்கடையில் பாய் மாதிரிக் கயிற்றைச் சுருட்டி என் முன்னால் வைத்தார்.

"நல்ல கயிறு தம்பி. ஆனா எனக்கு வேணாம்."

"படகுக்காரருக்குப் பிடிச்சிருக்கே பாய்."

"பிடிச்சிருக்கு. நாளைக்கு எவனாச்சும் கடைக்குள்ள பூந்து, இது என்ன செடின்னு கேட்டா? மரவள்ளியில கயிறு திரிக்க முடியாதே."

"இவ்வளவு நடந்தும் உங்களுக்குக் கோபமே வரலையா?"

அவர் கோப்பையைத் தட்டில் கவிழ்த்தார். "வரும். வந்தா எங்க போறது? கீழக்கரைக்கா? அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

மறுநாள் விமான நிலையத்துக்குத் தனியாகப் போனேன். வழியில் சோதனைகள் உண்டு, வர வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ஒரு வெளிநாட்டுக்காரனின் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்தப் பை நிறுவனத்துக்குக் காட்டமாக எழுதினேன். நாரை விற்க இந்த இலை எதற்கு என்று கேட்டேன். இலை இருந்தால்தான் இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்று பதில் வந்தது. டெல்லியில் அந்தப் படம் ஒரு குறும்பு. உத்தரகண்டில் அதே செடிக்கு அரசாங்க உரிமம். ஈரோட்டில் என் துணிக்கு வரி போட்ட பில். டாலாவில் அதற்காக ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்டார்.

ஹமீத் பாய் இந்நேரம் கடையில் நைலான் கயிற்றை முழம்போட்டுக்கொண்டிருப்பார். அவர் பட வேண்டிய கோபத்தை, விமானம் ஏறி வந்துவிட்ட நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.