புரோலினில் இடறிய கணக்கு

மருத்துவமனை ஆய்வகத்தில் காலையிலிருந்து ரத்தக் குழாய்களோடு மாரடித்துவிட்டு வந்தவளை, செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை அந்த மனுஷன். சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள்.

"இதைக் கொஞ்சம் சரிபாரு. டியூஷன் வேலைய நாளைக்கே விட்டுடலாம்னு இருக்கேன். இனிமே முழு நேரமும் இதுதான்."

அவள் ஒற்றைச் சம்பளத்தில் வாடகையைப் பார்ப்பாளா, மகளின் மருந்தைப் பார்ப்பாளா? சொன்னால் காதில் ஏறினால்தானே! மகளுக்கு ரத்த நோய். மரபணுவில் ஓர் எழுத்து மாறிப் பிறந்தவள். அந்த மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தது. அது தெரிந்த நாள்முதல் இந்த வேதியியல் வாத்தியாருக்கு முப்பத்தேழு என்ற எண்மேல் பைத்தியம்.

நம் புரதங்களெல்லாம் இருபது அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் பொதுவான துண்டு ஒன்று உண்டு. அதன் அணுக்கருத் துகள்களை எண்ணினால் எழுபத்து நான்கு, அதாவது இரண்டு முப்பத்தேழு. மீதித் துண்டுகளை வகை பிரித்துக் கூட்டினாலும் முப்பத்தேழின் மடங்குகளே வந்தன. உயிரை இவ்வளவு ஒழுங்காக எழுதியவன் பிழை விடுவானா, மகளுக்கு நேர்ந்ததிலும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்பது அவர் கட்சி.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த இருபதில் ஒன்றான புரோலினில் விரல் நின்றது.

"இதுக்குப் பொதுத் துண்டு எழுபத்து மூணுதானே? நாலுன்னு போட்டிருக்கீங்க."

"பக்கத்துத் துண்டுலேருந்து ஒண்ண எடுத்து இங்க வச்சேன். மொத்தம் மாறலையே."

"எடுத்தது யாரு? உடம்பா, நீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாந்தான். ஒண்ணே ஒண்ணுதானே."

"எடுக்கலேன்னா?"

"எல்லாம் கலைஞ்சு போயிடும்."

அவள் அதோடு விட்டிருக்கலாம். நாளெல்லாம் அலுத்துப்போன வாய், விடவில்லை.

"ஒரு எழுத்து மாறினதுக்குத்தான் அவ உள்ள வலியில சுருண்டு கெடக்கா. அதை நம்மால நகர்த்த முடிஞ்சுதா?"

அவர் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு.

"அர்த்தமே இல்லேன்னா, நான் எதை வச்சுகிட்டு அவ மொகத்துல முழிக்கிறது?" என்றார்.

அவளும் மருந்தைச் சாக்கு வைத்துத்தான் மகளின் அறைக்குள் போய்வந்துகொண்டிருந்தாள்.

"சாயங்கால டியூஷனுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றாள்.