ரிலக்டன்ட் என்றால் எங்கள் பெரியப்பா

போட்டித் தேர்வுக்குப் படிப்பவளை ஊரில் ‘சும்மா இருக்கிறாள்’ என்பார்கள். இதைவிடக் கடினமான வேலையை நான் பார்த்ததில்லை. என்னைப் போலவே படித்து அவதிப்படும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வங்கித் தேர்வில் இரண்டு முறை ஆங்கிலத்தில் மட்டும் போனது. மூன்றாவது முறையும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

படகும் சீமாட்டியும்

‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லுக்குப் புத்தகத்தில், படகில் ஏறத் தயங்கிய ஒரு சீமாட்டியைப் பற்றிய வாக்கியம் இருந்தது. பத்து தடவை எழுதியும் மறுநாள் மறந்தது. எங்கள் ஊர் அன்னவாசலில் ஏது படகு? கோபத்தில் அதை அடித்துவிட்டு, ‘ஊசி போட்டுக்கொள்ள எங்கள் பெரியப்பா தயங்குவார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சொல் ஒட்டிக்கொண்டது. ஒரே மாதத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நோட்டுக்குள் வந்துவிட்டார்கள். தங்கை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, இது படிக்கிற நோட்டா, போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்குற புகாரா?”

ஜெராக்ஸ்

புதுக்கோட்டை நூலகத்தில் படிக்கும் நாங்கள் குறிப்புகளை ஒருவருக்கொருவர் கொடுப்போம். பொன்னமராவதியிலிருந்து வரும் செல்வி கேட்டதும், பெயர்களை மறைக்கத் தோன்றாமல் நோட்டைக் கொடுத்துவிட்டேன். இரண்டே வாரத்தில் அதன் ஜெராக்ஸ் வாசிப்பறை முழுக்கப் பரவியது. முன்பின் தெரியாத ஒருவர் அக்கறையோடு விசாரித்தார்: “ஏங்க, ஒங்க பெரியப்பா கடைசில ஊசி போட்டுக்கிட்டாரா இல்லையா?”

பெரியப்பா வந்தார்

செய்தி டீக்கடை வழியாக அவருக்கே போய்விட்டது. நேரே வீட்டுக்கு வந்து நோட்டைக் கேட்டார். எழுதியதை அப்படியே தமிழில் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு: “ஊசிக்குப் பயந்தவன்னு எழுதிட்டே, சரி. கெணத்துல விழுந்த கன்னுக்குட்டிய எறங்கித் தூக்குனேனே, அதுக்கு ஒரு வார்த்தை இல்லையாத்தா ஒங்க இங்கிலீஷ்ல?”

இருந்தது. ‘பிரேவ்’, தைரியசாலி என்று அவர் கண் முன்னாலேயே எழுதினேன்.

திருச்சியில்

தேர்வு மையத்தில் கணினித் திரையில் ஒவ்வொரு சொல்லாக வர, பின்னாலேயே ஒரு சொந்தக்காரர் முகமும் வந்தது. எந்தச் சொல்லிலும் நான் யோசித்து நிற்கவில்லை. நேரம் மிச்சம் இருந்தது, எனக்கு! முடிவு வந்த அன்று ஆங்கிலத்தில் தேவைக்கு மேலேயே மதிப்பெண், வேலையும் உறுதி. அப்பா முடிவு அச்சடித்த காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே காட்டினார். செல்வியும் தேறிவிட்டாள். போனில் கத்தினாள்: “ஏய், ஒங்க சொந்தக்காரங்க எல்லாத்துக்கும் என் சார்பா ஒரு கும்புடு போட்ரு!”

இப்போது வங்கிக் கிளையில் தைரியமாகவே ஆங்கிலத்தில் எழுதுகிறேன், பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் நிற்கவில்லையே என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு.