காற்று கொடுக்காத காலை

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் கரைப் படகெல்லாம் மணலில் ஏறிக் காய்ந்து கிடந்தது. அது முடிந்து, எண்ணெய் திரும்பி வந்த பிறகு பிறந்த முதல் சீசனில் நடந்தது இது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நான். எண்ணெய் இல்லாத காலம், எண்ணெய் வந்த காலம் என்றுதான் தலைக்குள் கிடக்கிறது. அந்த வரிசையில் மனிதர்கள் நிற்பதில்லை, கேன்கள்தான் நிற்கும். எல்லாக் கேனையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவோம். ஒரு நாள் ஒரு மாடு அந்தக் கயிற்றைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாருடைய கேன் முன்னால், யாருடையது பின்னால் என்று சண்டை பள்ளிவாசல் வரைக்கும் போனது. அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது காற்றைப் பற்றி.

போர்க்காலத்தில் முஸ்லிம் சனங்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது கையில் ஒரு துணிப்பையோடு இந்தப் பக்கம் வந்தவன் நான். உப்பளத்தில் உப்பு வாரியிருக்கிறேன், முந்தல் பக்கம் இறால் பண்ணையில் காவல் இருந்திருக்கிறேன். முதுகு வளையாத வயசு வந்த பிறகு கற்பிட்டிக் கரையில் ஒரு முதலாளி எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். கடலட்டை எடுக்கிற சுழியோடிகள் முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிற சிலிண்டர்களுக்குள் மெசினால் காற்று அடைத்துக் கொடுக்கிற வேலை. ஒரு தகரக் கொட்டில், ஒரு மெசின், சூடேறுகிற சிலிண்டரைப் போட்டு வைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். உட்கார்ந்து செய்கிற வேலை. இந்த வயசில் அதை விட்டால் எனக்கு வேறு வேலை தருவார் யாரும் இல்லை. வீட்டில் மனைவிக்குச் சீனி வருத்தம், மருந்துக்குக் காசு வேண்டும். முதலாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் நிற்பேன்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. எங்கள் குடியேற்றத்தில் என் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி முன்னாள் சுழியோடி ஒருவர் இருக்கிறார். என்னைவிட எவ்வளவோ இளையவர். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்ததால் அவருக்குத் தோளில் நோவு வந்தது. அந்த நோவுக்கு இந்தக் கரையில் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. இன்னொரு சிலிண்டரைக் கட்டித் திரும்பவும் கீழே இறக்கிவிடுவார்கள். கீழே போனதும் நோவு விட்டுவிடும். அவருக்கும் விட்டது. சுகமாகிவிட்டது என்று மறுநாள் அட்டைக்கு இறங்கினார். ஏறி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை. ஒருமுறை பார்க்கப் போயிருந்தேன். அவருடைய காலில் ஒரு நுளம்பு உட்கார்ந்து வயிறு சிவக்க இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அடிங்க நானா. அது கடிக்கிறது எனக்கு விளங்காது” என்றார்.

நான் அடித்தேன். அடித்ததும் அவருக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு மெசினை இயக்கும் முன் வருகிறவரின் தோளையும் காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். எங்கள் கொட்டிலுக்கு வருகிற சுழியோடிகளில் ஒருவர் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமத்து ஆள். முப்பது வயசு இருக்கும். சிரிப்பில்லாமல் கதைக்கத் தெரியாது. “உலகத்தில சும்மா கிடைக்கிறதைக் காசுக்கு விக்கிற ஒரே கடை நம்மட காக்காட கடைதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார்; மூத்த முஸ்லிம் ஆட்களை இங்கே நானா, காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய் இல்லாத காலத்தில் தொழில் இல்லாமல் அவருடைய வீடு சுவரோடு நின்றுவிட்டது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுக் கிளம்பினால் எங்கள் கடல் மூடிவிடும், படகு இறங்காது. அதற்கு முதல் உழைத்துக் கூரைக்குத் தகரம் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கதை எல்லாம். அதனால் மற்றவர்களைவிட ஆழம் போனார், மற்றவர்களைவிட நேரம் இருந்தார்.

அன்றைக்கு வந்தவர் சிலிண்டரை இடக்கையால் இழுத்துக்கொண்டு வந்தார். எப்போதும் வலத் தோளில் தூக்கி வருகிற மனிதர். சட்டையும் பாதிதான் போட்டிருந்தது. வலக்கைப் பக்கம் தோளில் சும்மா தொங்கியது.

“என்ன தம்பி கைக்கு?”

“ராவு படுத்த மாதிரி சரியில்ல காக்கா. கீழ போனா விட்டுரும். காத்த அடிங்க.”

“கையத் தூக்குங்க பாப்பம்.”

“என்னத்துக்கு? நீங்க என்ன டொக்டரா? காத்துக்கடைக்காரர் காத்தக் குடுத்தாப் போதும்.”

நான் மெசினை இயக்கவில்லை. இயக்கக் கூடாது என்று தீர்மானித்து நின்றேன் என்று சொன்னால் பொய். கை போகவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து முதலாளியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. படகு தண்ணீரில் ரெடியாக நிற்கிறது, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, மற்றச் சுழியோடிகள் இவருக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“நானா, என்ன இன்னும் மெசின் சத்தத்தக் காணல்ல?”

“முதலாளி, இவருக்குக் காத்து பிடிச்சிரிக்கி, அந்த ஆழத்து நோவுதான். இறக்கக் கூடா.”

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அவருடைய படகுகளும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தவைதான். “அவர் கேக்கிறாரு, குடுங்களன். நான் போகச் சொல்லல்லையே. அவர்ட உடம்பு அவருக்குத் தெரியாதா?” என்றார்.

“நான் குழாயக் கொழுவ மாட்டன் முதலாளி. நீங்க கொழுவுங்க.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். மனைவியின் முகம் வந்தது. முதலாளி கோபத்தோடு குழாயை எடுத்தார். மெசின் அவருடையதே தவிர, அதைத் தொட்டுப் பழக்கம் இல்லை; சிலிண்டரின் வாயில் பொருத்தத் தெரியவில்லை. “இந்தாங்க, நீங்களே கொழுவுங்க” என்று சுழியோடியிடம் நீட்டினார். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. இடக்கையால் குழாயைப் பிடித்தார், வலக்கையால் திருகியை முறுக்கப் போனார். கை மார்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. திரும்பவும் தூக்கினார். விரல்கள் திருகியில் பட்டு நழுவின. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது.

முதலாளி மெல்ல அவருடைய கையிலிருந்து குழாயை வாங்கி ஆணியில் மாட்டினார்.

“வேணாம் தம்பி. ஆசுபத்திரிக்குப் போங்க. நான் ஓட்டோ பிடிச்சுத் தாறன்.”

“ஆசுபத்திரில மாதக்கணக்கில கிடத்துவாங்கள். சோளகம் எனக்காக நிக்குமா?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “காத்துக்கும் ஹலால் ஹராம் பாக்கத் தொடங்கிட்டீங்க காக்கா. உங்களிட்ட மட்டுந்தான் மெசின் இரிக்கா?”

சிலிண்டரை இடக்கையால் இழுத்துக்கொண்டு வடக்குப் பக்கக் கொட்டிலுக்குப் போனார். அது இன்னொரு முதலாளியுடையது. அவரோடு போக நின்ற மற்றவர்களும் படகிலிருந்து இறங்கி அவருக்குப் பின்னால் போனார்கள். அன்றைக்கு எங்கள் படகு கடலுக்குப் போகவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு முதலாளிமாரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. சுழியோடிகளை இவர் இழுத்தார், அவர் இழுத்தார் என்று பழைய பகை. என்றாலும் எங்கள் முதலாளி போனை எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மெசின் மேல் வைத்தார்.

“அந்தாளுக்குக் காத்துக் குடுக்காதீங்க. கை தூக்க ஏலாம இரிக்கிறாரு. அல்லாஹ்வுக்காகச் சொல்றன்.”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “என்ன முதலாளி, ஆள் இங்கால வந்திட்டார் எண்டு எரியுதா? நல்லாத்தான் கதை கட்டுறீங்க.”

போன் வெட்டுப்பட்டது. பகைக்காரனிடமிருந்து வருகிற உண்மையை யார் நம்புவார்? கொஞ்ச நேரத்தில் வடக்குப் பக்கம் மெசின் ஓடத் தொடங்கியது. காற்று அங்கிருந்து வீசியதால் சத்தம் தெளிவாக வந்தது.

அன்றைய பகலை எப்படிச் சொல்வது? முதலாளி வீட்டுக்குப் போகவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது. இரண்டு பேரும் கதிரையைக் கடல் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடையிலிருந்து வந்த பாணும் பருப்பும் மூடியபடியே இருந்தது. தூரத்தில் எந்தப் படகு திரும்பினாலும் இரண்டு பேரும் எழுவோம். நேரத்தோடு திரும்புகிற படகுதான் பயம். அட்டை நிறைந்தாலும் நேரத்தோடு வரும், ஆள் விழுந்தாலும் நேரத்தோடு வரும். கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

“நாங்க குடுக்காததால என்ன நடந்த நானா? அவர் போனதுதானே. எங்கட படகும் நிண்டதுதானே” என்று முதலாளி ஒருமுறை கேட்டார். மூடியிருந்த பாணை நான் அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் ஏறிப்போன படகு வந்தது. நாங்கள் மணலில் ஓட்டமும் நடையுமாக வடக்குப் பக்கம் போனோம். அவர் படகின் முனையில் நின்றுகொண்டு வந்தார்! எங்களைக் கண்டதும் வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

“பாத்தீங்களா காக்கா! கீழ போனா விட்டுரும் எண்டு சொன்னனா இல்லையா? பாருங்க, எவ்வளவு அட்டை!”

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வடக்குப் பக்க முதலாளி எங்கள் முதலாளியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகி, யா அல்லாஹ், நான் பிழையாகிப் போனதே போதும் என்று இருந்தது. அப்போது அவர் படகிலிருந்து இறங்கினார். மணலில் நங்கூரக் கயிறு கிடந்தது. அதைத் தாண்டப் போனார். இடக்கால் எழும்பவில்லை, கயிற்றில் இடறியது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. பிறகு காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நனைந்து கால் மரத்துப்போச்சு என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு நடந்தார். நான் கண்டேன். முதலாளியும் கண்டார்.

அடுத்த கிழமை மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு புத்தளம் போனபோது, அங்கே ஒரு டொக்டரிடம் துணிந்து கேட்டேன். அந்த நோவோடு கீழே இறங்குவதுதான் ஆளை முடிக்கிறது என்றார். உடனே கொண்டு வந்தால் காற்றழுத்தம் வைக்கிற அறை இருக்கிற இடத்துக்கு அனுப்புவோம், எழும்பி நடந்தவர்கள் இருக்கிறார்கள், நாள் போகப் போகத்தான் கஷ்டம் என்றார். திரும்பி வந்த கையோடு அந்தச் சுழியோடியின் வீட்டுக்குப் போனேன். கூரைக்குத் தகரம் ஏறியிருந்தது. அவருடைய மனைவி வாசலில் நின்று, “அவர் நல்லாத்தான் இரிக்கிறார் காக்கா. தயவுசெய்து வாய் வைக்காதீங்க” என்றார். ஆள் தூர வடக்கே, அட்டை பிடிக்கிறவர்கள் தங்குகிற வாடிக்குப் போய்விட்டாராம். எங்கள் கடல் மூடுகிற காலத்தில் அந்தப் பக்கக் கடல் திறந்திருக்குமாம். எந்தக் கரை என்று மனைவிக்கும் சரியாகத் தெரியவில்லை.

முதலாளி என்னை வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் சுழியோடிகள் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மெசின் சும்மா நிற்கிற நாட்களில் அவர் என் பக்கம் பார்க்காமல் கடலைப் பார்க்கிறார். இன்னொருவர் கை தூக்க முடியாமல் வந்து நின்றால் அவர் என்ன சொல்வார், நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு எழுதத் தெரியாது. அந்தச் சுழியோடியின் போனுக்கு எடுத்தால் ஆள் இல்லை என்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். வடக்குக் கரைப் பக்கம் போனால், அல்லது அங்கே போகிறவர் யாரையும் தெரிந்தால், அட்டை வாடிகளில் கற்பிட்டியிலிருந்து வந்த சுழியோடி என்று விசாரியுங்கள். கண்டால் நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம், கோபிப்பார். நோவு வந்தால் கீழே இறங்க வேண்டாம், எந்த முதலாளியையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், நேரே ஆசுபத்திரிக்குப் போகட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அவரைக் காணாவிட்டால் அங்கே சிலிண்டர் கட்டுகிற வேறு யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.