ராவுத்தரின் சோப்புக் கொப்பரை

சோப்புக் காய்ச்சுகிறவனின் கை எப்போதும் சுத்தமாக இருக்கும்; அந்தத் தொழிலில் சுத்தமாக இருப்பது அது ஒன்றுதான்.

கொதிக்கிற கொப்பரை முன்னால் நின்று பிழைத்தவர்கள், அது சர்க்கரைப் பாகோ சாயத் தண்ணீரோ எதுவானாலும், நான் சொல்வதற்குத் தலையாட்டுவீர்கள். பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ராவுத்தர் என்ற முதலாளி ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சோப்புக் காய்ச்ச ஆரம்பித்தபோது, நான் ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து அவரிடம் சேர்ந்தேன். கல்யாணமான புதிது. என் மனைவி செல்லம்மாவுக்குத் தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயன் வீடு ஆகவே ஆகாது. மறுபடி அங்கே போவதாக இருந்தால் நான் மட்டும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ராவுத்தரும் முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார்: ஆயர் ஈத்தாம் ஆற்றில் துணி வெளுக்கும் டோபிமார் நம் சோப்பை எடுத்தால் அடுப்பு எரியும், எடுக்காவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. இப்படியாக என் குடித்தனம் ஒரு சோப்புக் கட்டியை நம்பி நின்றது.

நாக்கு

சோப்புக்கு வேண்டியவை இரண்டு: எண்ணெய், காரம். காஸ்டிக் சோடாவைத்தான் காரம் என்போம். எண்ணெய் கூடினால் சோப்பு பிசுபிசுக்கும். காரம் கூடினால் கையைத் தின்றுவிடும். இரண்டும் சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கருவி என் நாக்கு. கொஞ்சம் எடுத்து ஆறவைத்து நுனி நாக்கில் தொட வேண்டும். சுரீரென்று கடித்தால் இன்னும் எண்ணெய் ஊற்ற வேண்டும். கடிக்காவிட்டால் இறக்கலாம்.

சில மாதங்களில் என் நாக்கு காரத்தைத் தவிர வேறு எதையும் கண்டுகொள்ளாமல் போயிற்று. செல்லம்மா அதைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் உப்பே போடாமல் ரசம் வைத்தாள். நான் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்துவிட்டு, பிரமாதம் என்றேன். அவள் காலமாகிப் பல வருஷமாகிறது. அன்று சொன்னது மட்டும் காதிலேயே இருக்கிறது. “நாளையிலேருந்து வெந்நீர் வச்சுத் தரேன். ரசம்னு நினைச்சுக் குடிங்க.”

எந்தக் கொழுப்பு

சீமைச் சோப்பில் மிருகக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் கொட்டகை வாசலுக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் கொழுப்பைத்தான் கேட்பார்கள். பன்றி உண்டா என்று சிலர், மாடு உண்டா என்று சிலர். ராவுத்தர் பள்ளிவாசலிலிருந்து வந்த கையோடு நெஞ்சில் கை வைத்து, தேங்காயெண்ணெயைத் தவிர ஒரு சொட்டு வேறு கிடையாது என்பார்.

ஒருநாள் மேரியக்கா வந்தாள். கோவில் தெருப் பாதிரியார் வீட்டில் சமையல் வேலை. ராவுத்தர் வழக்கம்போல எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். கட்டியை எடுத்து மோந்து பார்த்தாள். திருப்பி வைத்தாள். “பன்னியும் இல்ல, மாடும் இல்லேங்கறீங்க. அப்ப அழுக்கை எதுதான் போக்கும், மொதலாளி?”

உப்பு

காய்ச்சிய சோப்பில் உப்பைப் போட்டால் அது தயிர்போலத் திரண்டு மேலே வரும், கழிவுநீர் அடியில் நிற்கும் என்று பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். அந்தப் புத்தகம் மாட்டுக் கொழுப்பை வைத்து எழுதப்பட்டது. தேங்காயெண்ணெய்ச் சோப்புக்கு உப்பைக் கண்டு பயமே கிடையாது என்பது அதில் இல்லை.

ஒரு வாளி போட்டேன், திரளவில்லை. ஒரு மூட்டையை அவிழ்த்தேன், அப்போதும் அது கூழாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த மூட்டையை நான் தோளில் தூக்கி வருவதைப் பார்த்த ராவுத்தர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். “தம்பி, நீ சோப்புக் காய்ச்சுறியா, கருவாடு போடுறியா?”

மான்

ஒருவழியாகத் திரண்டு, அச்சில் ஊற்றி, கம்பியால் அறுத்து, கட்டி கட்டியாக அடுக்கினோம். ஒவ்வொன்றின் மேலும் துள்ளுகிற மான் முத்திரை. ஆனால் புதுச் சோப்பு நிறையத் தண்ணீரைக் குடித்திருக்கும். காயக் காயச் சுருங்கும். எங்கள் மான் இளைத்து ஆடானது, பிறகு கால் மடங்கி நாய் மாதிரி ஆயிற்று. பாலிக் புலாவிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் மிச்சக் கட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் கொட்டினார். “இந்தாங்க உங்க மான். எங்க கடையில பட்டினி கிடக்குது லா.”

கஞ்சி

மான் இளைக்காமல் இருக்க ராவுத்தரே ஒரு வழி கண்டுபிடித்தார். சவ்வரிசி மாவைக் கரைத்துச் சோப்பில் கலக்கச் சொன்னார். மாவு மலிவு, கட்டியும் கனக்கும். எனக்கு மனமில்லை, ஆனாலும் கலந்தேன். மான் கொழுகொழுவென்று நின்றது. அந்தக் கட்டிகளைத்தான், எங்கள் துரதிர்ஷ்டம், டோபிமாரிடம் முதல் முதலாகக் கொண்டுபோனோம்.

ஆற்றங்கரையில் முனியம்மாக்கா வைத்ததுதான் சட்டம். அவள் எடுத்தால் அங்கே துவைக்கிற அத்தனை கல்லுக்கும் எங்கள் சோப்பு போகும். துவான்மார் என்கிற வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுத் துணிதான் அவளிடம் அதிகம். தோய்த்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். 

ஒரு வாரம் கழித்து முனியம்மாக்காவே கொட்டகைக்கு வந்தாள். கூடையிலிருந்து, கால்சட்டைக்கு உள்ளே போடும் ஒரு வெள்ளைச் சிலுவாரை எடுத்து ராவுத்தரின் மேசைமேல் வைத்தாள். அது படுக்கவில்லை. ஆள் உள்ளே இருப்பதுபோல இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. ராவுத்தர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். முனியம்மாக்கா குரலை உயர்த்தவேயில்லை. “கஞ்சி நான் போடல, மொதலாளி. உங்க சோப்பு போட்டுச்சு. துவான் உட்காரணுமா வேணாமா?”

தொங்கான்

அதோடு டோபிமார் கதவு மூடியது. மாவில்லாமல் காய்ச்சித் தருகிறோம் என்று கெஞ்சியும் முனியம்மாக்கா கேட்கவில்லை. ராவுத்தர் அடுப்பை அணைத்தார். மாவு கலக்காத பழைய கட்டிகள் மூலையில் கிடந்தன. அவற்றைக் கப்பல் துறைக்குக் கொண்டுபோய், சரக்கு இறக்கும் தொங்கான் படகுக்காரர்களிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வரச் சொன்னார். நான் கூடையைத் தூக்கும்போது செல்லம்மா தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்கு நான் மட்டும் போகலாம் என்றவள் இரண்டு பேர் துணியையும் அதில் மடித்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துறையில் மஸ்தான் என்கிற தொங்கான்காரர் ஒரு கட்டியை வாங்கினார். நல்ல தண்ணீரில் போடுங்கள் என்று நான் சொல்வதற்குள் கடலில் சட்டையை முக்கித் தேய்த்துவிட்டார். கடல் தண்ணீரில் சீமைச் சோப்பு நுரைக்காது, துருவல் துருவலாகப் பிரிந்து மிதக்கும். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். ஆனால் மஸ்தானின் முழங்கை வரை நுரை. கொப்பரையில் உப்புக்கு மசியாத சோப்பு, கடலுக்கும் மசியவில்லை. பக்கத்துப் படகுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கூடை அங்கேயே காலியானது. பிறகு அவர்கள் வீட்டுப் பெண்களே கொட்டகைக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ராவுத்தர் மறுபடி அடுப்பை மூட்டினார். செல்லம்மா பெட்டியை அவிழ்த்தாள்.

அடுத்த சரக்கோடு துறைக்குப் போனபோது எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், மஸ்தான் மட்டும் முகம் கொடுக்கவில்லை. சோப்பில் ஏதும் குறையா என்று கேட்டேன். “குறை இருந்தா நல்லாருக்குமே. உப்புத் தண்ணில சோப்பு நுரைக்காதுன்னு சொல்லித்தான் இத்தனை காலம் குளிக்காம தப்பிச்சுக்கிட்டு இருந்தோம். இப்ப பொண்டாட்டி வாசப்படியிலயே மோந்து பாக்குறா. நல்ல வேலை பண்ணீங்க, அண்ணே.”

ஆக, என் குடித்தனம் பட்டணத்திலேயே நிலைத்ததற்குக் காரணம் நான் படித்த புத்தகமும் இல்லை, ராவுத்தரின் மூளையும் இல்லை, குளிக்க மனமில்லாத புருஷன்மாரைக் கட்டிக்கொண்ட சில பெண்கள்தான்.